பொதுமக்கள் என்போர் யாவர்?
மலைநாட்டு நீர்மின் திட்டங்களும் கருத்துக் கேட்டலும் பற்றிய ஒரு குறிப்பு

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கிவரும் கெஹெல்கமு ஓயா நோர்வூட்டைக் கடந்ததும் காசல்ரீ நீர்த்தேக்கத்திற் கலந்துவிடுகின்றது. கோடையில் நீர் வற்றும்போது, முன்னர் தேயிலை நின்ற சரிவுகள் படிப்படியாக வெளித்தெரியும். அயலிலுள்ள மவுசாகலையிலோ பழைய மஸ்கெலியா நகரின் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் இடிபாடுகளே வெளிவருகின்றன. அவற்றைக் காணச் செல்வோர் அவற்றின் பழைமையை வியப்பர். நீர் ஏறுமுன் அங்கிருந்தோரிடம் யாரேனும் எதனையேனும் கேட்டனரா என்ற வினா எழுப்பப்படுவது அரிது. அவ்வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். மின்நிலையம் நிலக்கரியால் இயங்கினும், இயற்கை வாயுவால் இயங்கினும், நீரால் இயங்கினும், அதனருகே வாழப்போகும் மக்களின் கருத்தை முன்கூட்டியே அறிதல் வேண்டும் என்ற கோட்பாடு இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் அக்கோட்பாடு மலைநாட்டை வந்தடைந்த பாதை நேரானதன்று.

இலங்கையின் நீர்மின் சிந்தனைக்கு வித்திட்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918ஆம் ஆண்டிலேயே அவர் இதுபற்றிய ஆய்வுரையொன்றை முன்வைத்தார். 1924இல் தொடங்கிய வேலை பணமின்மையால் தடைப்பட்டு, லக்சபான நிலையம் 1950இலேயே இயங்கத் தொடங்கியது. காசல்ரீ அணையும், அதன் நீரால் இயங்கும் 50 மெகாவாற் விமலசுரேந்திர நிலையமும் 1965இல் எழுந்தன. மவுசாகலை அணை 1969இல் முடிவுற்றது. நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு இவை ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. விமலசுரேந்திரவின் தொலைநோக்கு உண்மையில் வியத்தற்குரியதே.

எனினும் ஆண்டுகளின் பொருத்தம் கவனிக்கற்பாலது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குப் பலத்தால் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவ்வாக்கைப் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுட் பெரும்பாலோர் வாக்களிக்கவில்லை. நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து சௌ. தொண்டமான் தெரிவு செய்யப்பட்டது 1977இலேதான். லக்சபானவும் காசல்ரீயும் மவுசாகலையும் இவ்விடைக்காலத்துக்குரியவை. பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கியபோது அவற்றிற் கொழுந்து கொய்தோர் வாக்காளராய் இருக்கவில்லை. அவர்களுட் பலர் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி எந்த நாட்டுக்குரியோர் எனப் பங்கிடப்பட்டுக்கொண்டும் இருந்தனர்.

அக்காலத்தில் ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டத்தில் வழியே இருக்கவில்லை எனக் கூறுதல் தவறு. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் உரியவர்க்கு அறிவித்தல் கொடுக்க வேண்டுமென்றும், நட்டஈடு வழங்க வேண்டுமென்றும் கூறியது. இதில் உரியவர் என்போர் காணியில் உரித்துடையோர் ஆவர். தேயிலை கம்பனியுடையது, லயன் கம்பனியுடையது, லயன் வாசலில் நட்ட முருங்கையும் சட்டத்தின் கண்ணில் கம்பனியுடையதே. மூன்று தலைமுறையாக ஒரே காம்பறாவில் வாழ்ந்தவன் அக்காணியில் எவ்வித உரித்துமற்றவன். சொத்தின்வழி பிறந்த ஆட்சேப உரிமை சொத்தற்றோனைக் காணவில்லை என்பதில் வியப்பில்லை. மின்கம்பி லயன்களைத் தாண்டித் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் போனதும், லயன்களுக்கு விளக்கு வரப் பல ஆண்டுகள் ஆனதும் இவ்வரலாற்றின் மறுபக்கமேயாகும்.

சட்டத்தின் மொழி 1988இல் மாறியது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டம் 56ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. 1993ஆம் ஆண்டு வர்த்தமானி அத்திட்டங்கள் எவை என வரையறுத்தது. ஐக்கிய அமெரிக்காவின் 1969ஆம் ஆண்டுச் சட்டம் உலகெங்கும் பரப்பிய சிந்தனையின் எதிரொலி இது. அறிக்கை எங்கே பார்வைக்குள்ளது என்பதை வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளில் ஒவ்வொன்றிலும் அறிவித்தல் வேண்டும். பொதுமக்களில் எவரும் 30 நாட்களுக்குள் கருத்துரைக்கலாம். ‘பிரசை’ என்றோ ‘காணியுடையோன்’ என்றோ சட்டம் இவ்விடத்திற் கூறவில்லை. பிரசாவுரிமைச் சிக்கல் முற்றாகத் தீராத காலத்தில், 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னரே, தோட்டத் தொழிலாளி ‘பொதுமக்களில் ஒருவர்’ என்ற தகுதியுடன் ஒரு சட்டத்தினுள் நுழைந்துவிட்டார். சட்டத்தை வரைந்தோர் இதனை எண்ணியிருப்பர் என நாம் கருதவில்லை. ஆயினும் அதன் முக்கியத்துவம் குறைந்துவிடாது.

ஆனால் நேரில் அழைத்து விசாரிப்பது கட்டாயமன்று. பொதுநலன் கருதி அதிகாரிகள் தகுமெனக் கண்டால் மட்டுமே அது நடைபெறும். இந்தியாவில் 1997ஆம் ஆண்டுத் திருத்தம் பொது விசாரணையைக் கட்டாயமாக்கியதை இதனுடன் ஒப்பிடலாம். எழுத்துமூலக் கருத்தும் எளிதன்று. அறிக்கை அலுவலகத்தில் இருக்கும். அதைப் பார்க்க வேலைநாளிற் போனால் பேர் விழாது. கடிதம் எழுதினால் மறுமொழி தோட்ட அலுவலகத்தின் வழியாகவே லயனை அடையவேண்டும். பொறியியல் மொழியில் அமைந்த பல நூறு பக்கங்களைப் படித்துச் சொல்வாரும் வேண்டும்.

மேல் கொத்மலைத் திட்டம் இச்சட்டத்தின் உரைகல்லாய் அமைந்தது. தலவாக்கலையில் ஓர் அணை, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கம், நிலத்தடி மின்நிலையம், 150 மெகாவாற் ஆற்றல் என்பன அதன் உருவம். மதிப்பீட்டறிக்கை 1994இல் சமர்ப்பிக்கப்பட்டது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை அனுமதி மறுத்தது. மின்சார சபை அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையிட்டது. மாற்று வழிகள் ஆராயப்பட்டு, வாதங்கள் நடந்து, 1998இல் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. வழக்கும் தொடரப்பட்டது. மலையகக் கட்சிகள் பல ஆண்டுகள் எதிர்த்தன. இறுதியில் 2012இல் நிலையம் இயங்கத் தொடங்கியது.

மறுப்பு என்ற சொல்லையே முன்னர் கேட்டிராத மின் திட்டங்களின் வரலாற்றில், ஓர் அதிகாரசபை ஒருமுறையேனும் ‘இல்லை’ என்றது சிறிய நிகழ்ச்சியன்று. அவ்விவாதத்தில் முன்னின்றது எது என்பதையும் நாம் கூறியாகவேண்டும். சென் கிளயர் அருவியின் அழகு பற்றிக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் எழுதப்பட்டவை ஏராளம். இடம்பெயரவிருந்த ஏறத்தாழ 500 குடும்பங்களைப் பற்றிய எழுத்து அதற்கு ஈடாக இருக்கவில்லை. அருவியைக் காக்க வந்தோரைக் குறைகூறவில்லை. அவர்களின்றேல் வழக்கே நடந்திராது. ஆனால் அருவி தேசத்தின் பொதுச் சொத்தாகப் பேசப்பட்டபோது, லயன் வாழ்வு மலையகத்தாரின் தனிப்பிரச்சினையாகவும், கட்சித் தலைவர்கள் அரசாங்கத்துடன் பேசித் தீர்க்கும் விடயமாகவும் சுருங்கியது. மக்களிடமிருந்து நேரடியாகக் கேட்கப்படவேண்டிய கருத்து, கூட்டணிப் பேரங்களினூடே வடிகட்டப்பட்டு வந்தது. தலைவர்கள் பேசியது பிழையன்று. அவர்கள் மட்டும் பேசியதே குறை.

இக்குறைக்கு உள்ளூராட்சி அமைப்பும் ஒரு காரணம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணம் செல்வதற்குத் தடையாக இருந்தது. தன் வீதியைத் திருத்தும்படி கேட்கவே இடமில்லாதவர் அணையைப் பற்றிக் கேட்பது எங்ஙனம்? அப்பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு, நோர்வூட் தனக்கென ஒரு சபையைப் பெற்றதும் அதே ஆண்டிலேயே. கெஹெல்கமு ஓயாவின் கரையில், தோட்ட மக்களின் வாக்கால் அமைந்த மன்றமொன்று இவ்வாறு முதன்முதலாகக் கூடியபோது, காசல்ரீயில் நீர் தேங்கி 53 ஆண்டுகள் ஆகியிருந்தன.