புரையேறுதலும் குரல்வளையும்

உண்ணும்போது புரையேறினால், ஊரில் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவது நம் வழக்கம். ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு அச்சொல் இனிக்கிறது. ஆயினும் உண்மைக் காரணம் தொண்டையிலேயே உள்ளது.

பருகும் நீர் நுரையீரலைச் சென்றடைவதாகக் கிரேக்க அறிஞர் பிளேட்டோ எழுதினார். அவருடைய மாணாக்கர் அரிஸ்டாட்டில் அதனை மறுத்து, நாவின் அடியிலுள்ள குரல்வளை மூடியே மூச்சுக்குழலைக் காக்கிறது என்றார். இக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது. 1813இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மஜாந்தி, அம்மூடி அகற்றப்பெற்ற நாய்களும் விழுங்க வல்லன என்று சோதித்துக் காட்டினார். விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலெழுகிறது, குரல்நாண்கள் நெருங்கி வழியை அடைக்கின்றன. மூடி அதற்குத் துணையே.

பேசவும் சிரிக்கவும் அவ்வழி திறந்தாகவேண்டும். ஆதலின் வாயில் கவளம் இருக்கையில் பேச்சைச் சற்றே நிறுத்துவோம். தவறிப் புகுந்த பருக்கையை இருமலே பெரும்பாலும் வெளியேற்றிவிடும். இருமவும் இயலாது ஒருவர் திணறுவாராயின், தலையில் தட்டிப் பயனில்லை. கணமும் தாழ்த்தாது அவரை முன்னே குனியச் செய்து, தோள்பட்டைகளுக்கு இடையே முதுகில் ஓங்கித் தட்டுதல் வேண்டும். நினைப்பவர் ஊரில் இருக்கலாம். காப்பவர் அருகில் இருத்தல் வேண்டும்.