போகிறபோக்கில் சொல்லும் வார்த்தை

"சிலையா அது? கலரு கண்ணைக் குத்துது." "அவனுக்கு என்னத்துக்குக் கூலிங் கிளாஸ்?" "குடிசையா இருந்தப்ப தெரு எவ்வளவு அழகா இருந்துச்சு, இப்ப பாரு, பூரா காங்கிரீட்டு."

இந்த மாதிரிப் பேச்சை யாரும் அரசியல் என்று சொல்வதில்லை. டீக்கடையில், பஸ்ஸில், சினிமா விட்டு வரும்போது, கருத்தரங்கின் சாப்பாட்டு இடைவேளையில் போகிறபோக்கில் சொல்லப்படுவது. இதற்கு ரசனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'எனக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி இல்லை. ஆனால் உடை, பாத்திரம், வீடு, சிலை பற்றிய இந்த அபிப்பிராயங்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அபிப்பிராயம் ஆவதற்கு முன்னால் இவை கட்டளையாக இருந்தன.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மூடக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. பிள்ளைகள் படிக்கக்கூடாது, கல்யாணத்தில் மேளம் கூடாது, ஊர்வலத்துக்குக் குதிரை கூடாது, வேண்டுமானால் வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக வைத்துக்கொள் என்றார்கள்.

இதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். துணி, தலைமுடி, நகை, பாத்திரம், இசை, ஊர்தி என்று இன்றைக்கு ஃபேஷன், டிசைன் என்று பத்திரிகைகள் பக்கம் ஒதுக்கி எழுதுகிற அத்தனையும் இதில் இருக்கிறது. ஒரு மனிதன் கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று வரைந்து கொடுத்த வரைபடம் இது. தூரத்தில் வரும்போதே இன்னார் என்று தெரிய வேண்டும், அதுதான் நோக்கம்.

இது இராமநாதபுரத்தோடு நின்ற கதை இல்லை. திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் தோள்சீலைக்காக அரை நூற்றாண்டு அடிபட்டார்கள். கிறிஸ்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று ஆங்கிலேய ரெசிடென்ட் மன்றோ காலத்தில் உத்தரவு வந்தது. 1829-இல் அரசாணை ஒன்று மேலாடை உரிமையை மறுத்தது. 1858-இல் மறுபடி கலவரம். சென்னை கவர்னர் ட்ரெவெலியன் நெருக்கிய பிறகு 1859-இல்தான் மார்பை மூடலாம் என்ற அறிவிப்பு வந்தது. அப்போதும் ஒரு கொக்கி வைத்தார்கள்: மூடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற பாணியில் மூடக்கூடாது. துணியை விட்டுக்கொடுத்தாலும் பாணியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அதே திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கழுத்தில் கல்லுமாலை போட வேண்டும் என்பது வழக்கம். அய்யன்காளியின் இயக்கத்தில் 1915-இல் பெரிநாட்டுப் பகுதிப் பெண்கள் அந்த மாலைகளை அறுத்து எறிந்தார்கள். அதற்காக வீடுகள் எரிந்தன. இன்று அப்படியொரு கல்மாலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து 'பழங்குடி அழகியல்' என்று சீட்டு ஒட்டினால் நாமும் ரசித்துவிட்டுத்தான் வருவோம். கழற்ற முடியாத மாலைக்குப் பெயர் நகையா விலங்கா என்று அந்தப் பெண்களைக் கேட்டிருக்க வேண்டும்.

1927 டிசம்பரில் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் பெண்களைப் பார்த்துத் தனியாகப் பேசினார். நீங்கள் புடவை கட்டும் விதமும் கனத்த மலிவு நகைகளும் உங்களைத் தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கின்றன, அவற்றை விடுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். புடவைக் கட்டை மாற்றுவதா போராட்டம் என்று இன்று யாராவது சிரிக்கலாம். குளத்துத் தண்ணீரைத் தொடுவதும் புடவைக் கட்டை மாற்றுவதும் அவருக்கு ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள்.

எங்கள் அப்பாயி சொல்லும்: "டவுனுக்குப் போறப்பதான்டா ரவிக்கை. திரும்பி வர்றப்ப ஊரு எல்லை வந்ததும் கழட்டிக் கூடையில போட்டுருவேன்." போட்டுக்கிட்டு வந்தா அடிப்பாங்களா என்று கேட்டேன். "அடியெல்லாம் இல்ல. 'என்னடி, ராணியாட்டம் வர்ற'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அது போதும்." கட்டளை போட்டவர்கள் செத்துப்போன பிறகும் அந்த ஒரு வார்த்தை காவல் காத்தது. போகிறபோக்கில் சொல்லும் அபிப்பிராயத்தின் வேலை இதுதான். அதற்குச் சட்டம் தேவையில்லை, தடி தேவையில்லை.

1921 செப்டம்பரில் காந்தி மதுரையில் சட்டையைத் துறந்தார். அதை ஒரு துறவாக உலகம் பார்த்தது. இருப்பவன் துறக்கலாம். முழங்காலுக்குக் கீழே துணி தொங்கினாலே குடிசை எரியும் என்றிருந்தவன் எதைத் துறப்பது? அவன் உடுத்துவதுதான் செய்தி. அம்பேத்கரின் கோட்டை 'வெள்ளைக்கார மோகம்' என்று சொல்கிறவர்கள், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது அவர் வெள்ளை வேட்டியும் வெள்ளைக் கோட்டுமாக நின்றதை மறந்துவிடுகிறார்கள். எதை, எங்கே, எப்போது உடுத்துவது என்பதை அவரே தீர்மானித்தார். உறுத்தியது கோட்டு இல்லை, இந்தத் தீர்மானம். பா. ரஞ்சித்தின் 'கபாலி' 2016-இல் வந்தபோது கோட்டு அரசியல் வெள்ளித்திரைக்கே வந்தது. 'படத்துல எதுக்குங்க இதெல்லாம்' என்று அப்போதும் ஒரு வார்த்தை கிளம்பியது.

வீட்டுக்கு வருவோம். ஓலைக்கூரை குளிர்ச்சி, மண்சுவர் அழகு, மண்பானைச் சோறு ஆரோக்கியம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மண்பானை எங்களுக்கு விதிக்கப்பட்ட பாத்திரம். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்தது ஒரு கூரைக் குடிசைக்குள்தான். அதற்குப் பிறகும் ஓலையை அழகு என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. காங்கிரீட்டுத் தளம் எங்களுக்கு ராத்திரித் தூக்கம். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் வீடுகளுக்குள் புகுந்து எதை உடைத்தது? டி.வி., மின்விசிறி, டேப்ரெக்கார்டர், தையல் மெஷின். வளைகுடாவில் உழைத்து வாங்கிய சாமான்கள். சேரி வீட்டுக்குள் அந்தச் சாமான் இருக்கக்கூடாது என்ற பழைய தடை லத்தியோடு வந்தது.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று ஊர்களிலும் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி மீறிய ஒரு கல்யாணம் காரணமாகச் சொல்லப்பட்டது. அதையொட்டி ஒரு கட்சித் தலைவர் ஜீன்ஸ், டீ-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டு எங்கள் பையன்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். 1930-இன் பட்டியலில் சட்டையும் பனியனும் இருந்த இடத்தில் 2012-இல் ஜீன்ஸ் வந்து உட்கார்ந்தது. பட்டியல் அதேதான்.

கடைசியாகச் சிலை. 1950-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, கோலாப்பூரில் அம்பேத்கருக்குச் சிலை வைத்தார்கள். 1967-இல் நாடாளுமன்ற வளாகத்தில் பி.வி. வாக் வடித்த வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. கோட்டு, புத்தகம், நீட்டிய கை. அந்தத் தோற்றம் பிறகு சிமெண்டிலும் பெயிண்டிலும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, உள்ளூர்க் கொத்தனார் செய்த சிலைகள் நிறைய. சிலதில் கண்ணாடி பெரிசாக இருக்கும், சிலதில் கை குட்டையாக இருக்கும். முகஜாடை பொருந்தவில்லை என்று சொல்வது சுலபம். அந்தச் சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கிறதே, அதன் அழகைப் பற்றி ஏன் எவரும் அபிப்பிராயம் சொல்வதில்லை? மும்பை ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11 அன்று சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். தட்டிக்கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களில் 10 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்தச் சிலைக்குக் கலைவிமர்சனம் எழுதுகிறவர் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அப்படியானால் விமர்சனமே கூடாதா? கூடும். பொதுப்பணத்தில் நினைவகம் எழுப்பினால் கணக்குக் கேட்கலாம். மோசமான படத்தை மோசம் என்று சொல்லலாம், ரஞ்சித் எடுத்தாலும் சரி. நம் ஆட்களுக்குள்ளேயே 'பறை அடிக்கிறவன் ஜீன்ஸ் போடலாமா' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அதே பட்டியலைத்தான் வேறு மையில் எழுதுகிறார்கள். வேண்டியது இவ்வளவுதான்: வாயைத் திறக்கும் முன், இந்த வார்த்தையை இதற்கு முன்னால் யார், யாரைப் பார்த்து, எதைத் தடுக்கச் சொன்னார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிப்பது. அழகைப் பற்றிப் பேச எங்களுக்கும் நிறைய இருக்கிறது. பூ வைக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களுக்குப் பூவின் அழகு தெரியாமலா இருக்கும்?