களிமண் ஆராய்ச்சியும் பேராசிரியர் துரைராஜாவும்

இரும்பும் சீமெந்தும் மனிதன் தன் தேவைக்கேற்பச் செய்துகொண்ட பொருள்கள். அவற்றின் வலிமையை முன்கூட்டியே அளந்து அறிந்துகொள்ளலாம். அவற்றைத் தாங்கி நிற்கும் நிலமோ இயற்கை தந்தபடி கிடப்பது. மாரியில் அதற்கு ஒரு குணம், கோடையில் வேறொரு குணம். வன்னியிலே குளக்கட்டுகளை உயர்த்திய முன்னோர் அநுபவத்தையே துணையாகக் கொண்டனர். ஐரோப்பிய எந்திரிகளும் நெடுங்காலம் அவர்களிலும் அதிகம் அறிந்திருந்தனர் என்று சொல்வதற்கில்லை.

மண்ணை ஒரு விஞ்ஞானத்துக்கு உரிய பொருளாக்கியவர் கார்ல் தெர்சாகி. இஸ்தான்புல் நகரிலே ஆசிரியராயிருந்தபோது, சுருட்டுப் பெட்டி போன்ற எளிய பொருள்களைக் கொண்டே அவர் தம் கருவிகளை அமைத்தார் என்பர். ஈரமண்ணின்மீது ஏற்றிய பாரத்தில் ஒரு பங்கை மண்மணிகளும் மறுபங்கை அவற்றினிடையே தங்கிய நீரும் சுமக்கின்றன என்பதை அவர் காட்டினார். 1925ஆம் ஆண்டில் அவரது நூல் வெளிவந்தது. ஆயினும் மண் எவ்வளவு அமுங்கும் என்பது ஓர் அத்தியாயமாகவும், எப்போது சறுக்கி உடையும் என்பது வேறோர் அத்தியாயமாகவுமே கற்பிக்கப்பட்டு வந்தன. இவ்விரண்டும் ஒன்றன் இரு முகங்களாக இருத்தல் கூடுமோ என்ற வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவை எடுத்துக்கொண்டோர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே கென்னெத் றொஸ்கோவும் அவருடைய மாணாக்கரும் ஆவர். அவர்கள் ஆராய்ந்ததை நம் வீட்டு அரிசியைக் கொண்டே விளக்கலாம். கொத்திலே குலுக்கி இறுக அடைத்த அரிசியைக் கிளறினால் அது பருத்து மேலெழுந்து வழியும். தளர்வாக இட்ட அரிசியைக் கிளறினாலோ மட்டம் தாழும். தொடர்ந்து கிளறக் கிளற இரண்டும் ஒரே நிலையை அடைந்து, அதன்பின் பருமன் மாறாது புரளும். மண்ணும் அத்தகையதே. அந்த இறுதி நிலையை அவர்கள் அவதி நிலை என்று கொண்டு, 1958இல் றொஸ்கோ, ஸ்கோபீல்ட், றொத் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எனினும் அந்நிலையை நோக்கி மண் செல்லும் வழியைக் கணிதத்தால் கூறும் சூத்திரம் இன்னும் கிடைத்திலது.

இந்த இடத்திலேதான் இலங்கை மாணவர் ஒருவர் வரலாற்றினுள் புகுகின்றார். அழகையா துரைராஜா 1934இல் வடமராட்சியிற் பிறந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்றவர். அவருக்கு முந்திய தலைமுறையினர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் இருந்துகொண்டு இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்குத் தோற்ற வேண்டியிருந்தது. 1950இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே எந்திரவியற் பீடம் தொடங்கியபின் அந்நிலை மாறிற்று. எனினும் பட்டத்தின் மேலான ஆராய்ச்சியை நாடியோர் பெரும்பாலும் கடல் கடந்தே செல்ல வேண்டும். 1957இற் பட்டம் பெற்ற துரைராஜா கேம்பிரிட்ஜுக்குச் சென்று றொஸ்கோவிடம் மாணாக்கரானார்.

அவர் எடுத்துக்கொண்டவை பீங்கான் செய்ய உதவும் வெண்களியும் மணலும். உருளையாக அமைத்த களியை இறப்பர் உறையிலே பொதிந்து, சூழ நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து மெல்ல மெல்ல அமுக்குவர். பாரம் எவ்வளவு, பருமன் மாற்றம் எவ்வளவு, நீரின் அழுத்தம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டே செல்ல வேண்டும். களியிலிருந்து நீர் மெதுவாகவே வெளியேறும் ஆதலின் அவசரப்படுவோருக்கு இவ்வேலை ஆகாது. துரைராஜா அவ்வெண்களை ஒரு கணக்குப்பிள்ளையின் கண்கொண்டு நோக்கினார். வெளியிலிருந்து மண்ணுக்குள் செலுத்திய வேலை வரவு. மண் மீளும் தன்மையால் சேமித்தது ஒரு பங்கு. பருமன் மாற்றத்துக்கு உரியது ஒரு பங்கு. இவை போக, மணிகள் உராய்ந்து வீணாய்ப் போனது எவ்வளவு? மண் பருத்தாலும் சுருங்கினாலும், அந்த வீண்செலவு அழுத்தத்தையும் உருக்குலைவின் அளவையும் மட்டுமே பொறுத்திருக்கக் கண்டார். சிக்கலான மண்ணுக்குள் இத்துணை எளிய விதி ஒன்று இருக்கும் என்று எவர்தாம் எதிர்பார்த்திருப்பர்?

1961ஆம் ஆண்டின் அவரது ஆய்வேட்டில் இடம்பெற்ற இவ்வாராய்ச்சியே அடுத்த படிக்கு ஆதாரமாயிற்று. 1963இல் றொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா ஆகிய மூவர் பெயரிலும் ஒரு கட்டுரை ‘ஜியோடெக்னிக்’ என்னும் சஞ்சிகையிலே வெளிவந்தது. அமுங்குதலையும் உடைதலையும் ஒரே கணக்கிற் பிணைத்த அந்த மாதிரிக்கு, அப்பல்கலைக்கழக நகரின் வழியே ஓடும் காம் ஆற்றின் பெயரால் ‘காம் களி’ என்ற பெயர் நிலைத்தது. 1968இல் றொஸ்கோவும் பேலண்டும் அதனைத் திருத்தியமைத்தனர். அணைக்கும் சுரங்கப் பாதைக்கும் கணனியிலே மண்ணின் போக்கைக் கணிப்போர் இன்றும் அதன் வழிவந்த சூத்திரங்களைக் கையாளுகின்றனர். அவர்களுள் அம்மூன்றாவது பெயர் எந்த ஊருக்கு உரியது என்று அறிந்தோர் சிலரே. வடமராட்சிப் பள்ளிக்கூடங்களிலும் அது போதிய அளவு அறியப்படவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது.

துரைராஜா தாயகம் திரும்பி ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். எந்திரவியற் பீடம் 1964இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு மாறியது. அங்கே அவர் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் விளங்கினார். போரின் நடுவே, 1988இல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். 1994ஆம் ஆண்டு யூன் மாதத்திற் காலமானார்.