சக்கர மரையாணி

சக்கர மரையாணி என்பது ஊர்தியின் சக்கரத்தை அதன் குடத்துடன் (ஹப்) இணைத்துப் பிடிக்கும் உருக்கு ஆணி ஆகும். பட்டறைகளில் இது வீல் ஸ்டட் அல்லது வீல் போல்ட்டு எனப்படுகிறது. குடத்தின் பின்புறத்திலிருந்து இது அழுத்திப் பொருத்தப்படும். தலையை ஒட்டியுள்ள வரிப்பற்கள் ஆணி சுழலாமல் தடுக்கின்றன. நாற்சக்கர இயக்கமுடைய வில்லிஸ் ஜீப், மாருதி ஜிப்சி, 2023இல் இந்தியாவில் வெளிவந்த ஜிம்னி ஆகியவற்றில் சக்கரத்துக்கு ஐந்து ஆணிகள், 139.7 மி.மீ. (5½ அங்குலம்) விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன.

செயற்படும் முறை

ஊர்தியின் எடையை ஆணிகளே நேரடியாகச் சுமக்கின்றன என்பது பரவலான தவறான எண்ணம். உண்மையில் நட்டை இறுக்கும்போது ஆணி ஒரு வில்சுருள் போலச் சிறிதளவு நீள்கிறது. அந்த இழுவிசை சக்கரத்தைக் குடத்தின் முகத்தோடு அழுத்துகிறது. அந்த முகங்களுக்கு இடையிலான உராய்வே சுமையைத் தாங்குகிறது. 12 மி.மீ. ஆணியின் நட்டை 100 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால், உலர்ந்த மரையில் ஏறத்தாழ 4 டன் பிடிவிசை உண்டாகும். மரையில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்குவிசை 6 டன் வரை இழுத்துவிடக்கூடும். நல்லது என்று எண்ணி எண்ணெய் இடுவது ஆணியை நிலையாக நீட்டிவிடுவது இதனாலேயே.

முறிவும் அடையாளங்களும்

நட்டு தளர்ந்தால் உராய்வு குறைந்து, சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஆணியை வளைக்கிறது. பல்லாயிரம் சுற்றுகளில் மயிரிழை விரிசல் வளர்ந்து ஆணி முறிகிறது. இது அயர்வு முறிவு எனப்படும். இதன் முறிமுகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுச்சென்றது போன்ற வரிகள் காணப்படும். அளவுக்கு மீறி இறுக்கியதால் முறிந்த ஆணியோ முறிவிடத்தில் கழுத்துப்போல் மெலிந்திருக்கும். இரண்டையும் பிரித்தறியாமல் ஆணியை மட்டும் மாற்றினால் புதியதும் முறியும்.

குறைந்த வேகத்தில் கேட்கும் 'டக், டக்' ஒலி, நட்டிலிருந்து வெளிநோக்கி ஓடும் துருக்கோடு, நீள்வட்டமாகத் தேய்ந்த துளை ஆகியன தளர்வின் அறிகுறிகள். நட்டு இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரையோ வரிப்பற்களோ அழிந்திருக்கலாம்.

தென்காசி, குற்றாலம் பகுதி

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைவதால் இப்பகுதி சூன் முதல் ஈரமாகவே இருக்கும். குடத்தின் முகத்தில் படியும் துருவும் சேறும் சுரண்டப்படாமல் சக்கரம் மாட்டப்பட்டால், ஓட்டத்தில் அவை நொறுங்கிப் பிடிவிசை குறைகிறது. தென்காசியில் சக்கரம் மாட்டிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலை 744இல் புறப்படும் வண்டி, புளியரை வளைவுகளையும் ஆரியங்காவையும் கடந்து புனலூரை அடையும்போது ஏறத்தாழ 50 கி.மீ. ஓடியிருக்கும். நட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டிய தொலைவும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அதற்குள் மலைச்சாலை முடிந்துவிடுகிறது. எனவே ஏற்றம் தொடங்குமுன் செங்கோட்டையிலேயே ஒருமுறை பார்ப்பது நல்லது.

மாற்றும் முறை

சமதளத்தில் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். பின்னர் ஜாக்கியால் தூக்கித் தாங்கி வைக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. டிரம் அல்லது டிஸ்க்கைக் கழற்றியபின், முறிந்த ஆணியை அழுத்துகருவியால் பின்னோக்கித் தள்ளலாம். சம்மட்டியால் ஓங்கி அடிப்பது தாங்குருளையில் (பேரிங்) தழும்பு ஏற்படுத்தும். காலிப்பரைக் கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும், பிரேக் குழாயில் அன்று.

புதிய ஆணியைப் பின்னிருந்து நுழைத்து, சில வளையங்களை இட்டு, பழைய நட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருகித் தலை முழுதும் படியும்வரை இழுக்க வேண்டும். அந்த நட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது. ஓர் ஆணி முறிந்திருந்தால் இருபுறமும் உள்ளவற்றையும், இரண்டோ அதற்கு மேலோ முறிந்திருந்தால் அச்சக்கரத்தின் எல்லா ஆணிகளையும் மாற்றுவதே பரிந்துரைக்கப்படும் வழக்கம். அருகிலுள்ளவை கூடுதல் சுமையால் ஏற்கெனவே அயர்ந்திருக்கும். இறுதியில் நட்டுகளை நட்சத்திர வரிசையில், முறுக்குவிசை காட்டும் ஸ்பானரால், கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். ஏர் கன் கொண்டு முடிவு இறுக்கம் செய்வதே பல முறிவுகளுக்குத் தொடக்கம்.

பழைய ஜீப்புகளில் இரு வேறுபாடுகள் உண்டு. சில டிரம்களில் ஆணியின் விளிம்பு அடித்து விரிக்கப்பட்டிருக்கும். அவ்விளிம்பை முதலில் வெட்டி நீக்காவிடில் குடத்தின் துளை பெரிதாகிவிடும். மேலும், இரண்டாம் உலகப்போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் இடப்பக்கச் சக்கரங்களில் இடஞ்சுழி மரை பயன்படுத்தப்பட்டது. இதை அறியாமல் வழக்கமான திசையில் கழற்ற முயல்வோர் உண்மையில் நட்டை மேலும் இறுக்கி ஆணியை முறித்துவிடுகின்றனர்.