பரிசு கிடைக்காத ஒட்டுக்கட்டு

காமர்ஸ் படிக்கிறவனுக்குத் திராட்சைக் கொடியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே, இதில் பணமும் வருகிறது.

1860-களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் காரணம் தெரியாமல் காய்ந்தன. பட்டுப்போன கொடியைத் தோண்டினால் வேரில் பூச்சி எதுவும் இருக்காது. செத்த வேரை விட்டு அது அடுத்த கொடிக்குப் போயிருக்கும்! 1868-ல் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளர் குழு உயிருள்ள கொடியைத் தோண்டியபோதுதான் ஃபில்லாக்சரா அகப்பட்டது. அமெரிக்கக் கொடிகளோடு கப்பலேறி வந்த பூச்சி அது. மருந்து கண்டுபிடிப்பவருக்கு 1874-ல் அரசு அறிவித்த பரிசு 3 லட்சம் பிராங்க்.

அமெரிக்க வேர் பூச்சியைத் தாங்கும், ஆனால் அதன் பழத்தில் செய்த ஒயின் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. எனவே கீழே அமெரிக்க வேர்ச்செடி, மேலே பிரெஞ்சுக் குச்சி. ஒரே பருமனில் எடுத்து, கூரான கத்தியால் சாய்வாகச் சீவி, பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலங்கள் ஒன்றையொன்று தொடும்படி பொருத்திக் கட்ட வேண்டும். ரோமானியர் காலத்து வித்தைதான்.

இந்த யோசனையை முன்வைத்தவர்களில் ஒருவரான லாலிமான் பரிசைக் கேட்டார். "நீங்கள் நோயைத் தீர்க்கவில்லை, தடுத்தீர்கள், அவ்வளவே" என்ற ரீதியில் அரசு மறுத்துவிட்டது. நிபந்தனையில் ஒரு சொல் செய்த வேலை! எனக்கென்னவோ இது அநியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் பூச்சி சாகவில்லை என்பதும் உண்மைதான். அது இன்றும் அந்த மண்ணில் இருக்கிறது. பிரெஞ்சுக் கொடிகளில் பெரும்பாலானவை இன்றும் ஒட்டுக்கட்டிய வேரில்தான் நிற்கின்றன.