கல்வெட்டு வரியும் கம்ப்யூட்டர் வரியும்

மலரில் கம்ப்யூட்டர் பற்றி எழுதினால் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்; கல்வெட்டு பற்றி எழுதினால் மீதிப் பேர் புரட்டிவிடுவார்கள். இரண்டையும் சேர்த்தே எழுதிப் பார்த்துவிடுவோமே! விஷயம் சின்னதுதான். எழுதிக்கொண்டே போகிறோம், இடம் தீர்ந்துவிடுகிறது. வரியை எங்கே மடிப்பது? புரோகிராம் எழுதும் எடிட்டரில் இதை 'லைன் ராப்' என்கிறார்கள். ஆனால் இது கம்ப்யூட்டரோடு பிறந்த பிரச்சினை அல்ல.

அடுத்த தடவை ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குப் போனால் சுவர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சோழர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகர மன்னர் என்று பல காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. பழைய கல்வெட்டுகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் கிடையாது. கல் முடிகிற இடத்தில் வரி முடியும்; சொல் பாதியில் நின்றாலும் கவலை இல்லை. கொம்பு மட்டும் இந்த வரியின் ஓரத்தில் நிற்க, அதற்குரிய எழுத்து அடுத்த வரிக்குப் போய்விடுவதும் உண்டு! திருப்பணிக்காகச் சுவரைப் பிரித்தால், பழைய கல்வெட்டைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. சுவரின் அகலம் மாறினால் வரி மடியும் இடமும் மாறும். தானம் மாறாது.

ஸ்ரீரங்கம் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் 24-ஆம் தொகுதியாக 1982-ல் அச்சில் வந்தன. இந்த வரிசையில் கல்லில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுப்பார்கள். கல்லின் வரி நீளமாக இருந்தால் புத்தகத்தில் அது பல வரியாக மடிந்து ஓடும். எண் மட்டும் ஒன்றுதான். இன்றைய எடிட்டரில் இடது ஓரம் தெரியும் லைன் நம்பர் செய்வதும் இதையேதான்.

ஓலைச்சுவடிக்கு வருவோம். செய்யுளைக்கூட அதில் உரைநடை மாதிரி ஓட்டமாக எழுதிவிடுவார்கள். நம் ஊர்ப் பெயரோடு சேர்ந்தே அறியப்படும் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) போன்றவர்கள் யாப்பு தெரிந்தவர்கள். ஏட்டைப் பார்த்ததும் அடி எங்கே முடிகிறது என்று சொல்லிவிடுவார்கள். அடி முடிவது புலவன் முடிவு. வரி முடிவது ஓலை முடிவு. நம்மவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை.

கம்ப்யூட்டரில்தான் குழப்பம் வந்தது. ஐ.பி.எம். 1928-ல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 கட்டங்கள். ஃபோர்ட்ரான் கட்டளையை 7-ஆம் கட்டத்திலிருந்து 72-ஆம் கட்டம் வரைதான் எழுதலாம். இடம் போதவில்லையென்றால் அடுத்த அட்டையின் 6-ஆம் கட்டத்தில் ஒரு குறி போட்டுத் தொடர வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370 வந்த காலத்தில் அட்டை அடுக்கியவர்கள் நம்மில் இருந்தால் இதை மறந்திருக்க மாட்டார்கள். அட்டை போய் டெர்மினல் வந்த பிறகும் அந்த 80 மட்டும் போகவில்லை.

அப்புறம் வேர்ட்ஸ்டார். 1978-ல் வந்த இந்த மென்பொருள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் நம் ஊர்களில் சக்கைப்போடு போட்டது. 'டி' அழுத்தினால் டாகுமென்ட்; 'என்' அழுத்தினால் நான்-டாகுமென்ட். "புரோகிராம் அடிக்கணும்னா 'என்' போடுப்பா" என்பது லேப்களில் பால பாடம். காரணம் இதுதான்: டாகுமென்ட் முறையில் வேர்ட்ஸ்டார் தானாகவே வரியை மடித்து, மடித்த இடத்தில் தனக்கு மட்டும் புரியும் ஒரு குறியைக் கோப்புக்குள் வைத்துவிடும். பாவம், கம்பைலருக்கு அது என்ன புரியும்?

குறி இல்லாமல் நிஜமாகவே என்டர் தட்டி மடித்தாலும் ஆபத்துதான். சி++ மொழியில் இரண்டு சாய்கோடு போட்டுக் குறிப்பு எழுதினால், வரி முடியும் வரைதான் அது குறிப்பு. நடுவில் மடித்தால் பின்பாதி கட்டளை ஆகிவிடும்! பைத்தானில் வரி தொடங்கும் இடமே இலக்கணம். அதனால்தான் நல்ல எடிட்டர்கள் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கின்றன. 1991-ல் வெளியான விம் எடிட்டரில் 'ராப்' என்பது திரைக்கு மட்டும், கோப்பைத் தொடாது. 'டெக்ஸ்ட்வித்' என்று ஓர் எண் கொடுத்தாலோ, தட்டச்சு செய்யச் செய்யக் கோப்புக்குள்ளேயே புது வரி விழும். முன்னது ஓலையின் வரி, பின்னது புலவனின் அடி.

தமிழுக்கு வந்த சங்கடம் வேறு. தொண்ணூறுகளின் தமிழ் ஃபான்ட்களில் கொம்பு ஒரு தனிக் குறி. குறி குறியாக எண்ணி மடிக்கும் எடிட்டரில் கொம்பு வரி ஓரத்தில் அநாதையாக நின்றுவிடும், பழைய கல்வெட்டில் நின்ற மாதிரியே! 1991-ல் வந்த யூனிகோடு, மெய்யெழுத்தை முதலிலும் கொம்பை அதன் பின்னாலும் சேமிக்கச் சொன்னது. திரையில்தான் கொம்பு முன்னால் வரும். எழுத்தையும் அதன் குறியையும் பிரிக்காமல் ஒரே அலகாகக் கொண்டு மடிக்க வேண்டும் என்பது இப்போது விதி. விதியை மதிக்காத கருவிகள் இன்றும் உண்டு என்பது வேறு கதை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கல்வெட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலை உங்கள் தலைமுறைக்கு நிறைய காத்திருக்கிறது. ஏற்றும்போது கல்லின் வரி எண்ணைத் தனியாகக் குறித்துவையுங்கள். திரைக்காக நடுவில் என்டர் தட்டாதீர்கள். சுவரில் ஒரு கல் சிதைந்திருந்தால், வரிக்கு எத்தனை எழுத்து போயிற்று என்று கணக்குப் போட அந்த எண்தான் துணை. திரைக்காகத் தட்டிய என்டர் அதோடு கலந்துவிட்டால், எது கல்லின் வரி, எது நம் வரி என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. தமிழ்த்துறையும் கம்ப்யூட்டர் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. உட்காருங்கள், நாங்களும் வருகிறோம்.