மரத்தை எண்ணிப் பார்த்தவர்கள்

சிரம்பானிலிருந்து பழைய சாலை வழியே வருகிறவர்கள், வளைந்து வளைந்து இறங்கும் மந்தின் கணவாயைக் கடந்து, ஈயம் தோண்ட வந்த ஹக்கா சீனர்கள் குடியேறிய மந்தின் என்ற சிறு பட்டணத்தை அடையும்போது, சுற்றுப்புறமெங்கும் ஒரு காலத்தில் பால்மரங்கள் அணிவகுத்து நின்றன என்பதை இன்றைய வீட்டுமனைகளைக் கண்டு ஊகிப்பது கடினம். அந்தத் தோட்டங்களில் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்த என் நண்பரின் பேரன், அண்மையில் கைத்தொலைபேசியைத் திறந்து, பெயர் கேள்விப்படாத ஒரு கிரிப்டோ நாணயத்தைக் காட்டி, "தாத்தா, இதை இன்னும் யாரும் கவனிக்கவில்லை, இப்போதே போட்டுவிடலாமா?" என்று என்னிடம் யோசனை கேட்டான். கேள்வி புதியதன்று, மலேசிய ரப்பரின் சரித்திரம் முழுவதும் அக்கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ரப்பரும் அலட்சியம் செய்யப்பட்ட பயிர்தான். 1888ல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு அதிகாரியாக வந்த ரிட்லி என்ற ஆங்கிலேயர், விதைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோட்டத் துரைமாரைத் தேடிச் சென்று நடச் சொன்னதும், காப்பியில் லாபம் கண்டிருந்த துரைமார் அவரைப் பைத்தியக்காரர் என்று பரிகசித்ததும் பிரசித்தமான கதை. 1896ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வியாபார நோக்கோடு முதன்முதல் நட்டவர் டான் சாய் யான் என்ற சீனர். பிரேசில் காப்பி குவிந்து விலை சரிந்த பிறகே துரைமார் விழித்தார்கள். நாணயம் விற்கிறவர்கள் இக்கதையை இத்துடன் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ரிட்லியிடம் நம்பிக்கை மாத்திரம் இருக்கவில்லை. மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பட்டை சீவிப் பால் எடுக்கும் முறையைப் பரிசோதித்து, மரம் எவ்வளவு பால் தரும் என்பதை அளந்தே காட்டினார். அதைக் கவனியாமற் போனதுதான் துரைமாரின் பிழை.

அடுத்த பிழை நேர்மாறானது. மோட்டார் வண்டி பெருகவே, 1908ல் பவுண்டு மூன்று ஷில்லிங்குக்கும் கீழே கிடந்த ரப்பர், 1910 ஏப்ரலில் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டிற்று. லண்டனில் குமாஸ்தாக்கள் வரை இரண்டு ஷில்லிங் பங்குகளுக்கு முண்டியடித்தார்கள். சிரம்பானை அடுத்த லிங்கி தோட்டக் கம்பெனியைப் போல முன்னரே நட்டு, மரம் முதிர்ந்திருந்தவை பெரும் லாபப் பங்கு கொடுத்தன என்பது மெய்யே. ஆனால் அதே மாதங்களில் கிளம்பிய வேறு பல கம்பெனிகளுக்கு விளம்பரப் பத்திரமே பிரதானச் சொத்து. காட்டைக் குறைந்த விலைக்கு வாங்கியவர், தாமே உருவாக்கிய கம்பெனிக்கு அதைப் பன்மடங்கு விலைக்கு விற்று, மரம் முளைக்குமுன் தம் லாபத்தை எடுத்துக்கொண்டு விலகிவிடலாம். நட்ட கன்றில் பால் வெட்ட ஆறேழு ஆண்டு ஆகுமே என்று கணக்குப் பார்த்தவர் சிலரே. ஷாங்காயில் அவ்வாண்டு ஜூலையில் ரப்பர் பங்குகள் வீழ்ந்தபோது, அவற்றை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்திருந்த பழைய லேவாதேவிக் கடைகளும் உடன் வீழ்ந்தன. அந்தத் தோட்டங்களின் நிரைகளில் விடியலில் நின்ற தமிழனைக் கேட்டிருந்தால், எது பால் தரும் தோட்டம், எது லாலாங் புல் மண்டிய வெறுநிலம் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பான். அவனை யார் கேட்டார்கள்! 1930களின் மந்தத்தில் அவனைப் போன்ற லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியதே அவனுக்குக் கிடைத்த பங்கு.

அவனை முதன்முறையாகக் கேட்டது 1960ல். சுதந்திரத்தை ஒட்டி ஐரோப்பியர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு மறுவிற்பனை செய்தார்கள். வேலையோடு லயமும் பறிபோகும் அந்தத் தோட்டத் துண்டாடலை, 1951 முதல் 1960 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அப்போது ம.இ.கா. என்ற இந்தியர் கட்சியின் தலைவராகவும் மந்திரியாகவும் இருந்த வீ. தி. சம்பந்தன், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கட்டினால் நூறு வெள்ளிப் பங்கு உங்களுடையது, தோட்டமும் உங்களுடையது என்று பேசினார். பால் வெட்டுகிறவன் தோட்டம் வாங்குவதாவது என்று நகைத்தவர்கள் உண்டு. கூட்டுப் பணத்தோடு ஓடிப்போனவர்களைக் கண்டிருந்த ஜனங்கள் தயங்கியதும் நியாயமே. ஆயினும் 1961ல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. வேண்டுகிறவர்கள் பஸ் ஏறிப் போய் நிரைநிரையாக மரத்தை எண்ணிப் பார்க்கலாம் என்ற நிலை வந்தபின், பத்துக்கு மேற்பட்ட தோட்டங்கள் அச்சங்கத்தின் வசமாயின.

அதே சமூகம், அதே உணர்ச்சியோடு, 1982ல் உருவான மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு ஸ்தாபனத்துக்கும் பணம் கொடுத்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர், தாலியை அடகு வைத்தவர்கள் உட்பட, பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தார்கள். 2010ல் பங்குக்கு 80 சென் என்ற விலை வந்தது. தலைவர்களின் பெயரும் இனத்தின் அபிமானமும் இரண்டிடத்தும் இருந்தமையால், அவை அளவுகோல் ஆகா.

பேரனிடம் நான் கேட்டவை இவைதான்: இந்த நாணயத்தைக் கொண்டு இன்று யார் என்ன காரியம் செய்கிறார்கள்? உருவாக்கியவர்கள் தங்களுக்கென்று எவ்வளவு ஒதுக்கிக்கொண்டார்கள்? நாளைக்கு விற்க நினைத்தால் வாங்க ஆள் உண்டா? 2019 முதல் டிஜிட்டல் சொத்துச் சந்தைகளைப் பதிவு செய்துவரும் மலேசியப் பங்கு ஆணையத்தின் ஜாபிதாவில் உள்ள எந்தச் சந்தையிலாவது இது விற்கப்படுகிறதா? பையன் கெட்டிக்காரன், அரைமணி நேரம் தேடிவிட்டு, பாதிக்கு மேல் உருவாக்கியவர்கள் வசமே இருக்கிறது, நம் நாட்டுச் சந்தை எதிலும் இல்லை என்றான். இது முளைக்காத காடு, வேண்டாம் என்றேன்.